வழுக்கி விழுந்த பாட்டு

போன வருஷம் மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அந்தப் பாட்டு ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தது. எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டேன். படமெல்லாம் இல்லை, யாரோ ஒரு பெண் தானே எழுதி, தானே பாடி, செல்போனில் பதிந்து போட்டது என்றார்கள். ஒரே வாரத்தில் சேலம் பஸ்ஸில், ஏரிக்கரைக் கடைகளில், எங்கள் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் இடுப்பில் செருகியிருக்கும் செல்போன்களில் எல்லாம் அதுதான். கேட்டால் கால் தானாக ஆடும், அப்படி ஒரு தாளம்.

பாட்டில் ஒரு பெண் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வருகிறாள். நெற்றியில் என்னடி வீக்கம் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள். "விழுந்துட்டேன்க்கா, விழுந்துட்டேன்" என்று அவள் சிரித்துக்கொண்டே பாடுகிறாள். எங்கள் ஆட்கள் அதற்கு 'வழுக்கி விழுந்த பாட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாசி பிடித்த படியில் யாராவது கால் வழுக்கி உட்கார்ந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் கைதட்டி அந்த வரியைப் பாடுவார்கள். எஸ்டேட் மேனேஜரே ஒருமுறை பாடினார். நானும் பாடியிருக்கிறேன். காலையில் பல் துலக்கும்போது முனகியிருக்கிறேன்.

கரடியூர் போகும் சாலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று பிரித்துவிட்டு, நாள் முழுக்கக் கூடவே நடந்து வேலையைப் பார்க்கிறவன். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. கடைசி ஒன்பது வருஷமாக எஸ்டேட் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறேன். ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு பாய். யாராவது வந்தால் உட்கார வைக்க இன்னொரு நாற்காலி இருக்கிறது. அதில் நான் துவைத்த துணியைப் போட்டு வைத்திருக்கிறேன்.

வேலை முடிந்த பிறகு நான் பேசுகிற ஒரே ஆள், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் பாய். சேலத்திலிருந்து வந்து இங்கே மூன்று தலைமுறையாகக் கடை நடத்தும் குடும்பம். குடை, பேட்டரி, செல்போன் உறை, ஸ்பீக்கர் எல்லாம் விற்பார். ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் அடைமழைக்குப் பயந்து அவர் கடைக்குள் ஒதுங்கினேன். புதிதாக வந்த ஸ்பீக்கரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டைப் போட்டார்.

"முழுசா கேட்டிருக்கீங்களா ரைட்டர்?" என்றார். "எல்லாரும் முதல் ரெண்டு வரியோட நிறுத்திடறாங்க. விஷயமே பின்னாடிதான் இருக்குதுங்க."

நான் முழுசாகக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். நெற்றிக்கு விழுந்துவிட்டதாகக் காரணம் சொன்ன அந்தப் பெண், மறுநாள் கைக்கு மாட்டைக் காரணம் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் காதைப் பொத்திக்கொண்டு வந்து, குளிக்கும்போது சோப்பு வழுக்கிவிட்டது என்றாள். தாளம் அதே துள்ளலோடு போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குழாயடிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கிறது, உன் வீட்டுத் தரை மட்டும் எப்போதும் ஈரமா என்று. அவள் பதில் சொல்வதில்லை. தாளம் மட்டும் கொஞ்ச தூரம் போகிறது. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது.

"என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் பாய்.

"ஒண்ணுமில்லீங்க பாய். மழை உட்டுருச்சு, கெளம்பறேன்."

மழை விடவில்லை. நனைந்துகொண்டே நடந்து வந்தேன்.

சோப்பு வழுக்கிவிட்டது என்ற அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சேலத்தில் ஒரு காது டாக்டரின் அறையில், என் மனைவியின் வாயிலிருந்து. அவளுடைய இடது காதின் சவ்வு கிழிந்திருந்தது. எப்படி ஆச்சும்மா என்று டாக்டர் கேட்டார். பாத்ரூமில் சோப்பு வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்து நடன்னா கேக்கறதே இல்லீங்க டாக்டர்" என்றேன். அவளைக் கண்டிப்பது போல விரலை ஆட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் காதில் முந்தின நாள் அறைந்தது நான்.

நான் குடிக்கிறவன் இல்லை. அதில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவர்களைக் கூப்பிட்டு நானே சத்தம் போட்டிருக்கிறேன். என் வீட்டிலிருந்து சத்தம் வராது. கதவைச் சாத்தி, டி.வி.யைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுத்தான் அடிப்பேன். சோறு ஆறிப் போனதற்கு அடித்திருக்கிறேன். கேட்டதற்குப் பதில் சொன்னதற்கும், பதில் சொல்லாமல் இருந்ததற்கும் அடித்திருக்கிறேன். காரணங்களை இப்போது வரிசையாக நினைத்துப் பார்த்தால் ஒன்றுகூட ஒரு வாய்ச் சொல்லுக்குப் பெறாது. அப்போது ஒவ்வொன்றும் மலையளவு தெரிந்தது.

காது டாக்டரிடம் போய்வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலை சாப்பாட்டுக்குக் காட்டிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. சாவி ஜன்னல் கட்டையில் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் இட்லி ஒரு பாத்திரத்தில் மூடி வைத்திருந்தது. மகளுடைய ஸ்கூல் பையும் இரண்டு பேருடைய துணிகளும் இல்லை. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் அந்த இட்லியைச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு வருஷத்தில் மாமியார் நிஜமாகவே இறந்துபோனார். அதற்குப் பிறகு மகளுடைய படிப்புக்காகச் சேலத்தில் இருக்கிறார்கள் என்று மாற்றிக்கொண்டேன். யாரும் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. நம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். மனைவி சேலம் பக்கம் ஒரு துணி தைக்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கோர்ட்டுக்கும் போகவில்லை. மகள் வளர்ந்த பிறகு மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, போன் செய்வாள். ஐந்து நிமிஷம் பேசுவோம்.

பாயின் கடையில் அந்தப் பாட்டைக் கேட்ட பிறகு, எங்கே அது ஒலித்தாலும் அங்கே நிற்க முடியாமல் போனது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். சேலத்துக்கு ஏறிய பஸ்ஸிலிருந்து வழியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். அதிலும் அதே பாட்டு. பாயின் கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். சுற்றி எல்லோரும் சிரித்துத் தாளம் போடுகிற ஒரு பாட்டு, எனக்கு மட்டும் போலீஸ்காரன் மாதிரிப் பின்னாலேயே வருகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

டிசம்பரில் பழம் பறிப்பு மும்முரமாக இருந்தது. ஒரு நாள் காலை பெயர் கூப்பிடும்போது, தலைச்சோலை கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்த ஒரு சின்னப் பெண் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் புருஷனும் எங்கள் எஸ்டேட்டில்தான் மருந்தடிக்கும் வேலை செய்தான்.

"என்ன கண்ணு, கன்னம் இப்படி வீங்கியிருக்குது?" என்றேன்.

"படியில வழுக்கிடுச்சுங்க ரைட்டரே."

வழக்கமாக இந்த மாதிரிச் சொன்னால் உடனே நாலு பேர் கைதட்டிப் பாட ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை. நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

பதினோரு மணிவாக்கில் கீழ்ச் சரிவில் நடந்துபோனபோது, செடிகளுக்குள்ளிருந்து அந்தப் பாட்டு கேட்டது. செல்போனில் இல்லை. பெண்கள் தாங்களே பாடினார்கள். தாளம் இல்லாமல், மெதுவாக, பழத்தைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டே பாடினார்கள். துள்ளல் போனதும் அது வேறு பாட்டாக இருந்தது. வார்த்தை ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டது. கடைசிக் கேள்வி வரைக்கும் வந்தார்கள். உன் வீட்டுத் தரை மட்டும் எப்போதும் ஈரமா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். அந்தச் சின்னப் பெண் ஏதாவது சொல்வதற்காக அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. நான் இன்னும் இரண்டடி வைத்தேன். என் கால் சத்தம் கேட்டதும் ஒருத்தி இருமினாள். பிறகு பழம் பறிக்கும் சத்தம் மட்டும்தான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே. நான் தூரத்தில் இருக்கும்போது பாடுவார்கள். கிட்டே போனால் நிற்கும்.

கரடியூரைச் சொந்த ஊராகக் கொண்டு, லைன் வீட்டிலேயே குடியிருக்கும் ஒரு பெண் எங்கள் எஸ்டேட்டில் எனக்கும் முன்பே சேர்ந்தவர். என் வயதுதான் இருக்கும். மற்ற பெண்கள் அவர் சொன்னால் கேட்பார்கள். நான்காம் நாள் மத்தியானம், காயப்போடும் களத்துக்குப் பக்கத்துக் குழாயில் அவர் தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"ஏனுங்க, நான் அந்தப் பக்கம் வந்தா மட்டும் பாட்டை நிறுத்திடறீங்களே, ஏன்?"

அவர் அவசரப்படாமல் கையை முந்தானையில் துடைத்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க அந்தப் பாட்டு?"

"ஏன், எனக்குக் காது இல்லீங்களா?"

"உங்களுக்கு ரெண்டு காதும் நல்லா இருக்குதுங்க. உங்க ஊட்டம்மாவுக்குத்தான் ஒண்ணு போயிருச்சு."

"யாரு சொன்னா?" என்றேன்.

"யாரு சொல்லோணும்? உங்க ஊட்டு டி.வி. சத்தம் திடீர்னு கூடுச்சுன்னா லைன்ல அத்தன பேருக்கும் தெரியுமுங்க. எங்களுக்கு அப்ப சோறு எறங்காது."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்குக் காத்தால அவங்களையும் பாப்பாவையும் பஸ் ஏத்தி உட்டது நானுங்க. ஒரு பையை நான்தான் தூக்கிட்டுப் போனேன். திரும்பி வர நேரமாயிருச்சு. ஏன் லேட்டுன்னு எல்லாரு முன்னாலயும் என்னையத் திட்டுனீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"இத்தன வருசமா ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா போயிக் கூட்டியாந்திருப்பீங்க."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் நான் அவர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன். "இருக்கேனுங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். மாமியார் உடம்பு பற்றி நான் கதை சொன்னபோது "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டவரும் அவர்தான். எல்லோருமே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருந்த இடத்திலேயே களத்து மேட்டில் உட்கார்ந்தேன். என்னுடைய தனிமைக்கு ஒரு கதவு இருக்கிறது, அதைச் சாத்தி வைத்திருப்பது நான்தான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கதவே இருந்ததில்லை. எல்லோரும் உள்ளே பார்த்துவிட்டு, பேசாமல் நடந்து போயிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, வேலியில் யானைக்கற்றாழை நட வேண்டிய இடத்தைப் பார்ப்பதற்காக மொபெட்டில் போனேன். கொட்டச்சேடு போகும் பஸ் நிற்கும் திருப்பத்தில் இரண்டு பெண்கள் ஒரே குடைக்குள் நின்றிருந்தார்கள். ஒருவர் கரடியூர்ப் பெண். இன்னொருத்தி கன்னம் வீங்கி வந்த அந்தச் சின்னப் பெண். கையில் ஒரு கட்டைப் பை. அவளுடைய அம்மா வீடு கொட்டச்சேடு என்று எனக்குத் தெரியும். நான் வண்டியை நிறுத்தியதும் அவள் சட்டென்று கரடியூர்ப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். என்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்கினாள். இதற்கு முன் என் வீட்டுக்குள் மட்டும்தான் ஒரு பெண் அப்படி ஒதுங்கி நான் பார்த்திருக்கிறேன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு, பழம் அரைக்கும் மிஷின் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு ஆண்களோடு நின்றிருந்தேன். அவள் புருஷன் வந்தான்.

"ரைட்டரே, என்ற ஊட்டுக்காரியப் பாத்தீங்களா? காத்தால இருந்து ஆளக் காணோம். நீங்க அந்த ரோட்டுப் பக்கம் போனீங்கன்னு சொன்னாங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் எனக்குப் புதிது இல்லை. ஆனால் அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"பாத்தேன்" என்றேன்.

"எங்கீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"கட்டுன புருஷன் கேக்கறேன், சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா நீ போயிக் கூட்டியாந்துருவே. அதனால சொல்ல மாட்டேன்."

அவன் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். "ஏனுங்க, உங்க பொண்டாட்டி எதுக்கு ஓடுச்சுன்னு மலைக்கே தெரியும். நீங்க எனக்கு நாயம் சொல்ல வந்துட்டீங்களா?"

"ஆமா. நான் அடிச்சேன். அதனாலதான் போனா" என்றேன். "நான் நாயம் சொல்லலப்பா. எங்கன்னு சொல்ல மாட்டேன்னுதான் சொல்றேன்."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் என் காலடியில் துப்பிவிட்டுப் போனான்.

அதனால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று யாரும் நினைக்கவில்லை. ஆண்கள் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற கணக்குப்பிள்ளை தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குள் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். பெண்களும் நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். நான் கிட்டே போனால் பாட்டை நிறுத்துவது மட்டும் மாறவே இல்லை. அந்தச் சின்னப் பெண்ணின் புருஷன் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கொட்டச்சேட்டுக்கு இரண்டு முறை போனான் என்று கேள்விப்பட்டேன். அவள் வரவில்லை. அங்கேயே பக்கத்து எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறாள். அவன் கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு மலையிறங்கிப் போய்விட்டான்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். இப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறாள். சாப்பிட்டீங்களா, சளி எப்படி இருக்கு என்று வழக்கமான பேச்சு முடிந்தது. வைத்துவிடப் போகிறாள் என்று தெரிந்ததும் அவசரமாகக் கேட்டேன்.

"கண்ணு, அந்த வழுக்கி விழுந்த பாட்டு நீ கேட்டிருக்கியா?"

"கேட்டிருக்கேம்ப்பா. யாரு கேக்கல?"

"அம்மா கேட்டாளா?"

அம்மாவைப் பற்றி நான் கேட்பதில்லை என்பது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம். அந்தப் பாட்டைக் கேட்டு அவள் அழுதிருப்பாள், அல்லது என்னைப் போல எழுந்து போயிருப்பாள் என்று நான் மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுதாள் என்று மகள் சொன்னால், மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்று சொல்ல வேண்டும் என நினைத்திருந்தேன்.

"பொங்கலுக்கு அம்மா கம்பெனியில விழா வச்சாங்கப்பா" என்றாள் மகள். "அம்மாவும் கூட வேல செய்யறவங்க நாலு பேரும் அந்தப் பாட்டுக்கு ஆடுனாங்க. அம்மாதான் நடுவுல."

"அம்மாவா? ஆடுனாளா?"

"நொம்ப நல்லா ஆடுனாங்க. கடைசியில பாட்டு நின்னுடும் இல்ல, அப்பக்கூட அவங்க நிறுத்தல. கை தட்டிக்கிட்டே ஆடிட்டு இருந்தாங்க. எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க."

"வீடியோ எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எனக்கு ஒருதடவை அனுப்பறியா கண்ணு?"

அவள் குரலை உயர்த்தாமல், "அது உங்களுக்கு இல்லப்பா" என்றாள்.

"சரி கண்ணு" என்றேன். மன்னிப்புப் பேச்சையும் நான் எடுக்கவில்லை.

பதினாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு ஆடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. என்ன நிறச் சேலை கட்டியிருப்பாள், முடியை எப்படிப் போட்டிருப்பாள் என்று காட்டில் நடக்கும்போது நினைத்துப் பார்க்கிறேன். வருவதில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இன்றைக்கு என்ன மனநிலையில் வந்திருக்கிறான் என்று என்னை உற்றுப் பார்க்கும் அந்த முகம்தான் வருகிறது.

மகள் அடுத்த மாதமும் போன் செய்தாள். காப்பி பூத்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை, ஒரு மழை பெய்ய வேண்டும் என்றேன்.